ஒரு பிக்சலுக்குள் எவ்வளவு காடு?

லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல் என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். அமேசான் காட்டில் அந்த இடத்துக்குள் நெடுமரங்களும் நிற்கும், அவற்றின் நிழலும் விழும், வெட்டிய மரத்தை இழுத்துப்போகப் போட்ட மண்பாதையும் ஓடும். இவை அத்தனையிலிருந்தும் வரும் ஒளியைச் சேர்த்து, ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரே ஓர் எண்ணைத்தான் செயற்கைக்கோள் பதிவு செய்கிறது. இதைத்தான் கலப்பு பிக்சல் என்கிறார்கள்.

வழக்கமான வகைப்பாட்டில் கணினி அந்த எண்களைப் பார்த்து ‘காடு’ என்றோ ‘வெட்டவெளி’ என்றோ ஒரே பெயரைச் சூட்டிவிடும். மேய்ச்சலுக்காக மொத்தமாக அழித்த காட்டை இம்முறை ஒழுங்காகவே பிடிக்கும். விலையுள்ள மரங்களை மட்டும் ஆங்காங்கே வெட்டிக் கடத்தும் இடத்தில்தான் கோட்டைவிடுகிறது. முக்கால்வாசி பசுமை மிஞ்சியிருப்பதால், அடிபட்ட காடும் வரைபடத்தில் முழுக் காடாகவே நிற்கிறது. பரப்பளவுக் கணக்கில் இது சின்னப் பிழை அல்ல.

பிரேசிலின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பேயின் விஞ்ஞானி யோசியோ ஷிமாபுகுரோ, சக ஆய்வாளர் ஒருவருடன் 1991இல் வெளியிட்ட கட்டுரை வேறு கேள்வியை எழுப்பியது: இந்தப் பிக்சல் என்ன என்பதல்ல, இதற்குள் எது எத்தனை பங்கு?

கணக்கு எளிது. சிவப்பு ஒளியில் பச்சை இலை 4 சதவீதத்தையும் வெறும் மண் 24 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சல் 9 சதவீதம் காட்டினால், முக்கால் பங்கு இலை, கால் பங்கு மண். அகச்சிவப்பில் இலைக்கு 50, மண்ணுக்கு 30 என்றால் அதே பிக்சல் 45 காட்ட வேண்டும். குறைந்தால், மூன்றாவதாக ஏதோ கலந்திருக்கிறது; காட்டில் அது பெரும்பாலும் நிழல். அதையும் சேர்த்து மறுபடி கணக்கிட வேண்டும். நிழல் வெறும் தொல்லையும் அல்ல. மேடும் பள்ளமுமான மர உச்சிகள் கொண்ட இயற்கைக் காட்டில் அது மிகுதி, மேய்ச்சல் நிலத்தில் குறைவு.

2004இல் இன்பே தொடங்கிய டீட்டர் என்ற எச்சரிக்கை முறை, இப்படிப் பிரித்த பங்குப் படங்களையே நம்பியது. அதற்குப் படம் தந்த மோடிஸ் கருவி அமேசானை நாள்தோறும் பார்க்கும். ஆனால் பிக்சல் 250 மீட்டர், ஒன்றே 6.25 ஹெக்டேர். அதனால் நான்கு பிக்சல் அளவான 25 ஹெக்டேருக்குக் குறைந்த அழிப்புகள் பெரும்பாலும் தப்பின. அப்படியும், சோதனைக் குழுக்களை உடனுக்குடன் அனுப்ப அது உதவியது. 2004இல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்த ஆண்டுக் காடழிப்பு 2012இல் 4,571 ஆகச் சரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பின்னாளில் டீட்டர் நுட்பமான படங்களுக்கு மாறியபோது, சீன-பிரேசில் செயற்கைக்கோளோடு இந்தியாவின் ரிசோர்ஸ்சாட் அனுப்பும் 56 மீட்டர் படங்களும் கைகொடுத்தன.

2005இல் கார்லோஸ் சோசாவும் சக ஆய்வாளர்களும் காய்ந்த மரம், சருகு ஆகியவற்றின் பங்கையும் சேர்த்து ஒரு குறியீட்டெண் உருவாக்கினார்கள். களவு வெட்டு நடந்த காட்டை அது நன்றாகவே பிரித்துக் காட்டுகிறது. என்றாலும் சருகும் மண்ணும் சில அலைவரிசைகளில் ஒன்றுபோலத் தெரிவதால் பங்குகள் இடம் மாறலாம். மண் கால் பங்கு என்று தெரிந்தாலும், அது பிக்சலின் எந்த மூலையில் என்று கணக்கு சொல்லாது. ஓரிரு ஆண்டுகளில் புதர் மண்டி இடைவெளி மூடிக்கொண்டால் மண்ணின் தடமே மறைந்துவிடும். ஆகவே ஆண்டுதோறும் படங்களைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும்.