வேலை மாறுறீங்களா? கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி வீட்டுல உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுங்க



இன்னைக்கு என் சொந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சில வருஷத்துக்கு முன்னாடி நான் வேலை மாறினேன். சம்பளம் நல்லா ஏறுச்சு. பழைய இடத்துல வெள்ளிக்கிழமை கடைசி நாள். புது இடத்துல சேர்றதுக்கு நடுவுல 11 நாள் இருந்துச்சு. "ஊருக்குப் போய் அப்பா அம்மாவோட இருக்கலாம்"னு கிளம்பிப் போனேன்.

ஆறாவது நாள் ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில ஆஞ்சியோ பண்ணி, ஸ்டென்ட் வைக்கணும்னு சொல்லிட்டாங்க. ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே அப்பா கேட்டார்: "ஆபீஸ் கார்டு இருக்குல்லப்பா?"

கார்டு பர்ஸ்ல இருந்துச்சு. ஆனா அது வெள்ளிக்கிழமையோட செத்துப் போன கார்டு. குரூப் இன்சூரன்ஸ் நம்ம வேலையோட ஒட்டினது. வேலை முடிஞ்சா பொதுவா அதுவும் முடிஞ்சிடும். ஊருக்கெல்லாம் கணக்கு சொல்ற ஆடிட்டர் நான், இதை யோசிக்கலை. "இருக்குப்பா"ன்னு பொய் சொல்லிட்டு வெளிய வந்தேன். அன்னைக்கு எமர்ஜென்சி ஃபண்டும் என் மனைவியோட நகையும்தான் காப்பாத்துச்சு. அப்பா இப்போ நல்லா இருக்கார். நகையை மீட்க எனக்கு 14 மாசம் ஆச்சு.

அதனாலதான் சொல்றேன்: வேலையில வர்ற மாற்றம் வாசலோட நிக்காது, வீட்டுக்குள்ளயும் வந்துடும். அது வர்ற நாலு இடத்தைப் பார்ப்போம்.

1. இன்சூரன்ஸ்: நடுவுல இருக்கிற நாட்கள்

ரிசைன் பண்றதுக்கு முன்னாடி ஹெச்ஆர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. பழைய இடத்துல கவர் எந்தத் தேதியோட முடியுது? புது இடத்துல எந்தத் தேதியில ஆரம்பிக்குது? அதுல அப்பா, அம்மா உண்டா? எல்லா கம்பெனியும் பெற்றோரைச் சேர்க்கிறதில்லை.

ஆபீஸோட ஒட்டாத சொந்த பாலிசி ஒண்ணு கட்டாயம் வேணும். இளமையா, ஆரோக்கியமா இருக்கும்போதே எடுத்துடுங்க. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்புக் காலம், 2024-ல வந்த விதிப்படி, அதிகபட்சம் 3 வருஷம். அந்த 3 வருஷம் எப்போ ஆரம்பிக்குதுங்கிறது உங்க கையிலதான் இருக்கு.

2. வரி: ரெண்டு கம்பெனி, ஒரே ஆள்

2023-24 நிதியாண்டு, புது வரி முறையை வச்சு ஒரு கணக்கு போடுவோம். ஒருத்தர் வருஷம் 12 லட்சம் சம்பளத்துல இருந்து, செப்டம்பர் கடைசியில விலகி, அக்டோபர்ல 15 லட்சம் சம்பளத்துக்கு சேர்றார்.

பழைய கம்பெனி 12 லட்சத்துக்குக் கணக்கு போட்டு, 6 மாசத்துக்கு ரூ.42,900 டிடிஎஸ் பிடிச்சிருக்கும். புது கம்பெனிக்கு இவரோட பழைய சம்பளம் தெரியாது. அவங்க கணக்குல 6 மாசத்துக்கு ரூ.7.5 லட்சம். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் ரூ.50,000 போக 7 லட்சம். அந்த வருஷம் 7 லட்சம் வரை ரிபேட் இருந்ததால வரி ஜீரோ!

மாசா மாசம் கைக்கு நிறைய வருதுன்னு இவர் சந்தோஷமா இருப்பார். ஆனா மொத்த வருமானம் 13.5 லட்சம். டிடக்‌ஷன் போக 13 லட்சத்துக்கு வரி, செஸ்ஸோட சேர்த்து ரூ.1,14,400. ஜூலையில ரிட்டர்ன் போடும்போது ரூ.71,500 பாக்கி நிக்கும். அதுக்கு வட்டி வேற!

தீர்வு ரொம்ப சிம்பிள். சேர்ந்த உடனே பழைய சம்பளம், பிடிச்ச வரி ரெண்டையும் புது கம்பெனிகிட்ட எழுத்துல கொடுத்துடணும். அப்போ அதுக்கு ஃபார்ம் 12பி இருந்துச்சு. ஸ்லாப், ஃபார்ம் எல்லாம் மாறிக்கிட்டே இருக்கும். ஆனா ரெண்டு சம்பளத்தையும் ஒரே கணக்குல சேர்க்கணும்ங்கிற விஷயம் மாறாது.

3. பிஎஃப்: எடுக்காதீங்க, மாத்துங்க

வேலை மாறும்போது "பிஎஃப் பணத்தை எடுத்து பைக் வாங்கலாமா?"ன்னு கேட்கிறவங்க நிறைய. அஞ்சு வருஷத் தொடர் சர்வீஸ் முடியாம எடுத்தா, பொதுவா அதுக்கு வரி உண்டு. அதுவே டிரான்ஸ்ஃபர் பண்ணினா, பழைய இடத்துல 3 வருஷம், புது இடத்துல 2 வருஷம்னு சர்வீஸ் சேர்ந்துடும். பென்ஷனுக்குத் தேவையான 10 வருஷக் கணக்கும் அறுந்து போகாது. யுஏஎன் ஒண்ணுதான் இருக்கணும். புது இடத்துல ரெண்டாவதா ஒண்ணு வாங்கிடாதீங்க.

கிராஜுவிட்டியையும் ஒரு தடவை பாருங்க. நிரந்தர ஊழியருக்கு அஞ்சு வருஷம் தேவை. கடைசி அடிப்படைச் சம்பளம் ரூ.40,000, சர்வீஸ் 5 வருஷம்னா, 40,000 × 15 ÷ 26 × 5. கிட்டத்தட்ட ரூ.1,15,000! அஞ்சு வருஷம் முடிய ஒரு மாசம், ரெண்டு மாசம்தான் பாக்கின்னா, சேர்ற தேதியைத் தள்ளிக் கேட்கிறதுல வெட்கமே வேண்டாம்.

4. வீடு: சம்பளம் மட்டும் மாறுறதில்லை

ஆஃபர் லெட்டர்ல இருக்கிற சிடிசி கைக்கு வராது. அதுல கம்பெனி கட்டுற பிஎஃப், கிராஜுவிட்டி, வந்தாலும் வரலாம் வராமலும் போகலாம்ங்கிற வேரியபிள் பே எல்லாம் கலந்திருக்கும். "கைக்கு மாசம் எவ்வளவு?"ன்னு கேட்டு வாங்குங்க. அதுலருந்து புது ஊர் வாடகை, அட்வான்ஸ், போக்குவரத்து, குழந்தை இருந்தா ஸ்கூல் ஃபீஸ் எல்லாத்தையும் கழிச்சுப் பாருங்க. மனைவியோ கணவரோ வேலையை விட வேண்டியிருந்தா, அந்தச் சம்பளத்தையும் கழிக்கணும். சில பேருக்கு 30% ஹைக் இங்கேயே காணாம போயிடும்.

இந்தக் கணக்கை நீங்க மட்டும் போடாதீங்க. வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து போடுங்க. என் தப்பு அங்கேதான் நடந்துச்சு. சம்பளம் ஏறினதை எல்லாருக்கும் சொன்னேன், கவர் முடியுற தேதியை யாருக்கும் சொல்லலை. சொல்லியிருந்தா, "அந்த 11 நாள் என்ன பண்றது?"ன்னு அம்மாவே கேட்டிருப்பாங்க.

கடைசியா ஒரு சின்ன லிஸ்ட்

- ரிசைன் பண்றதுக்கு முன்னாடி: சொந்த மெடிக்கல் பாலிசி, ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட், கிராஜுவிட்டி தேதி.
- கடைசி நாளுக்குள்: பேஸ்லிப், ரிலீவிங் லெட்டர், பிடிச்ச வரியோட விவரம்.
- சேர்ந்த முதல் மாசம்: வரி விவரம் கொடுக்கிறது, பிஎஃப் டிரான்ஸ்ஃபர், நாமினேஷன். கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட நாமினேஷன் அப்படியே இருந்தா, இன்னைக்கே மாத்துங்க.
- முதல் மூணு மாசம்: பழைய சம்பளத்துலயே வாழுங்க. ஏறின பணம் தனி அக்கவுன்ட்ல கிடக்கட்டும். புது இஎம்ஐ எதுவும் வேண்டாம்.

மாற்றம் வரட்டும், நல்லதுதான். ஆனா உங்க அப்பா "கார்டு இருக்குல்லப்பா?"ன்னு கேட்டா, யோசிக்காம "இருக்குப்பா"ன்னு உண்மையைச் சொல்ற நிலைமையில நீங்க இருக்கணும். இந்த வாரமே அந்த ஒரு வேலையை முடிச்சிடுங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்.