பச்சிளங் குழவியும் மயக்க மருந்தும்

விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் ‘மருந்து’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. நோய் தீர்ப்பதும் மருந்து. பட்டாசில் அடைப்பதும் மருந்து. அளவு பிழைத்தால் இரண்டும் உயிருக்கு ஏதம். அவ்வளவை மிக நுண்ணிதாகக் காண வேண்டிய இடம், பிறந்து சில நாட்களே ஆன குழந்தையின் மார்பில் செய்யும் அறுவை மருத்துவம் ஆகும்.

நம் மார்பெலும்பு கருவில் இரு கீற்றுகளாகத் தோன்றிப் பின்னர் இணைகிறது. மிக அரிதாகச் சில குழந்தைகளுக்கு அவ்விணைப்பு நிகழ்வதில்லை. தோலின்கீழ் இதயம் துடிப்பதைக் கண்ணாற் காணலாம். இதயமே மார்புக்கு வெளியே அமைந்துவிடுதலும் உண்டு. பீகாரில் அவ்வாறு பிறந்த குழந்தை ஒன்றின் இதயத்தை, 2009-ஆம் ஆண்டில் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் மார்புக்குள் வைத்தனர்.

இத்தகைய குழந்தைக்கு மயக்கம் தருதல் எளிதன்று. மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் குருதி ஏறத்தாழ 250 மில்லி லிட்டரே. ஈரலும் சிறுநீரகமும் முதிராமையால் மருந்து நெடுநேரம் தங்கும். உடற்சூடோ விரைவில் தணியும். பிளவுண்ட எலும்புகளை இழுத்துச் சேர்க்கும்பொழுது இதயம் நெருக்குண்டு, குருதியழுத்தம் தாழக்கூடும். அதனை முதலில் காண்பவர் மயக்க மருத்துவரே. அவர் நிறுத்தச் சொன்னால் அறுவை மருத்துவரின் கை நிற்க வேண்டும்.

இவ்விடர்களை அஞ்சியே, 1980-களிலும் பல மருத்துவமனைகளில் பச்சிளங் குழந்தைகளுக்கு அசைவை நிறுத்தும் மருந்தும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டுமே தந்தனர். நரம்பு முதிராத குழந்தை வலியை உணராது என்றும் எண்ணினர். இதனைக் கொடுமை என்று சொல்லிவிட இயலாது. உயிரைக் காக்கும் கவலையே அது. ஆயினும் அசைய முடியாத குழந்தை அழவும் முடியாதன்றோ? அதன் துன்பத்தை அறிவார் எவர்?

இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் சிங் ஆனந்த் அதனைக் குருதியில் தேடினார். இதயத்தை அடுத்த குழாய் ஒன்றை மூடும் அறுவைக்கு வந்த குறைமாதக் குழந்தைகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு மட்டும் பெண்டனில் என்னும் வலிநீக்கியும் சேர்த்து அளிக்கப்பட்டது. அது பெறாத குழந்தைகளின் குருதியில், உடலின் கொந்தளிப்பைக் காட்டும் சுரப்புநீர்கள் மிகுந்திருந்தன. அறுவைக்குப் பின் நேர்ந்த சிக்கல்களும் அவர்களுக்கே மிகுதி. உயிருக்கு ஊறு செய்யும் என அஞ்சிய மருந்தே உயிருக்குத் துணை நின்றது. ஆனந்தும் அவருடன் ஆராய்ந்தோரும் 1987-இல் இம்முடிவை வெளியிட்டனர்.

இன்று அறுவை முடிந்த பின்னரும் செவிலியர் குழந்தையின் முகச்சுளிப்பையும் நாடித்துடிப்பையும் நோக்கி வலியை மதிப்பிடுகின்றனர். அதற்கேற்ப, ஒரு கிலோ எடைக்கு இத்துணை மைக்ரோகிராம் எனக் கணக்கிட்டு மருந்து செலுத்தப்படுகிறது. ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே மைக்ரோகிராம்.