நமக்குள் சுழலும் மோட்டாருக்குக் காற்று போதவில்லை என்றால்...



ஏர் ஃபில்டர் அடைத்துக்கொண்ட பைக்கை ஓட்டிப் பார்த்திருப்பீர்கள். டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கும். ஆனாலும் மேட்டில் இழுக்காது. நம் உடம்பும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

நாம் சாப்பிடும் சோறு குளுக்கோஸாகி இரத்தத்தில் கலக்கிறது. கிட்டத்தட்ட எல்லா செல்களுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டிப் பவர் ஹவுஸ்கள் உண்டு. அங்கேதான் குளுக்கோஸில் உள்ள சக்தி, ஆக்சிஜன் உதவியோடு, 'ஏ.டி.பி.' என்ற மூலக்கூறில் ஏற்றப்படுகிறது. தசை சுருங்குவதும் இதயம் துடிப்பதும் இதனால்தான். இதைத் தயாரிக்கும் என்சைம் உண்மையிலேயே ஒரு சுழலும் மோட்டார்! ரோட்டார் உண்டு, ஸ்டேட்டர் உண்டு; ஒரு சுற்றுக்கு 3 ஏ.டி.பி. இதன் இயக்கத்தை விளக்கிய பால் போயர், ஜான் வாக்கர் இருவருக்கும் 1997-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எலெக்ட்ரிகல் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்குச் சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும். இல்லாவிட்டால் வெறும் 2. கூடவே லாக்டிக் அமிலமும் சேரும்.

இனி நுரையீரலுக்கு வருவோம். சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சுக்குழாய்கள் சுருங்குகின்றன. காற்றறைகளின் சுவர்கள் சிதைகின்றன. உள்ளே போன காற்று முழுசாக வெளியே வராமல் தங்கிவிடுகிறது.

என் மாமா ஒரு ஃபவுண்டரியில் 20 வருஷம் கிரைண்டிங் வேலை பார்த்தவர். பீடிப் பழக்கமும் இருந்தது. இந்த நோய் வந்தபிறகு மாடிப்படி ஏறினால், "மூச்சு வாங்குறதக்கூடப் பொறுத்துக்கலாம் மாப்ளே, காலு ரெண்டும் துவண்டு போகுது" என்பார். நோய் நெஞ்சில், கால் என்ன பாவம் செய்தது?

காரணம் மூன்று.

ஒன்று, உழைக்கும்போது தசைக்கு வரும் ஆக்சிஜன் போதாமல் போகிறது.

இரண்டு, மூச்சு விடுவதே பெரிய வேலையாகிவிடுகிறது. நல்ல உடம்பில் ஓய்வாக இருக்கும்போது மூச்சுத் தசைகள் மொத்த ஆக்சிஜனில் சில சதவீதம்தான் எடுத்துக்கொள்ளும். நோயாளிக்கு இது பல மடங்காகிறது. ஜெனரேட்டர் தன் கூலிங் ஃபேனுக்கே கரண்டைத் தின்கிற கதை!

மூன்றாவதுதான் முக்கியம். நடமாட்டம் குறையக் குறைய, தொடைத் தசையில் மைட்டோகாண்ட்ரியாவும் குறைகிறது. நெடுநேரம் தாங்கும் இழைகள் குறைந்து, சீக்கிரம் களைக்கும் இழைகள் கூடுகின்றன. நாலு எட்டு வைத்தாலே லாக்டிக் அமிலம் சேரும். அந்த அமிலம் இன்னும் வேகமாக மூச்சு விடச் சொல்லும். மூச்சு வாங்குவதால் உட்காருகிறார். உட்காருவதால் தசை இன்னும் மெலிகிறது.

சிதைந்த காற்றறை திரும்ப வராது. ஆனால் கால் தசை தேறும்! டாக்டர் மேற்பார்வையில் தினமும் நடை, சைக்கிள் பயிற்சி செய்தால் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஓரளவு மீள்கிறது. மாமாவும் இப்போது தினம் காலையில் தெருமுனை வரை நடக்கிறார்.

நண்பர்களே, மோல்டிங் மணல், கிரைண்டிங் தூசு, வெல்டிங் புகை இவற்றுக்கு நடுவேதான் நம்மில் பலருக்கு வேலை காத்திருக்கிறது. முகத்தில் கைக்குட்டை கட்டினால் நுண்தூசி நிற்காது. தரமான மாஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். கேன்டீனுக்குப் பின்னால் புகை விடும் நண்பர்களும் கொஞ்சம் யோசியுங்கள். நாளைக்கு நாம் சூப்பர்வைசர்கள். மெஷினுக்கு மெயின்டனன்ஸ் அட்டவணை போடும்போது, அதன் முன்னால் நிற்கும் தொழிலாளியின் மூச்சையும் அதில் ஒரு வரியாகச் சேர்ப்போம்.