நோட்டுப் புத்தகத்தில் வாழ்ந்த பாடல்

இறுதி இராவுணவில் ஆண்டவரும் சீடர்களோடு பாடினார் (மாற்கு 14:26). பாஸ்கா விருந்தில் யூதர்கள் பாடுபவை 113 முதல் 118 வரையுள்ள திருப்பாடல்கள். கி.பி. 70-இல் எருசலேம் கோவில் இடிந்ததும் அங்கு ஒலித்த யாழும் தாளமும் ஓய்ந்தன. பாடும் குரல் ஓயவில்லை.

அண்டை மாநிலமான கேரளத்தில், கொச்சி யூதப் பெண்கள் திருமணங்களிலும் திருநாள்களிலும் விவிலிய நிகழ்ச்சிகளை மலையாளத்தில் பாடினார்கள். பாடல்களை நோட்டுப் புத்தகங்களில் எழுதிக் காத்தார்கள். 1950-களில் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த நோட்டுகளும் உடன் சென்றன.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் பிழைக்க வந்த நம்மில் பலரும் ஊரை விட்டு வந்தவர்களே. ஷிப்டு அலுப்பில், திருப்பலியின் பதிலுரைப் பாடலைப் பாடகர் குழுவிடமே விட்டுவிடுகிறோம். ஆண்டவர் பாடிய அதே திருப்பாடல் நூல்தான் அது! இந்த ஞாயிறு நாமும் வாய்திறந்து பாடுவோம். வீட்டுச் செபத்தில் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்போம். ஆமென்.