தொழிற்சாலைத் துணிகளும் அவற்றின் பயன்களும்

துணி என்றவுடன் உடுக்கும் ஆடையே நம் நினைவுக்கு வரும். ஆனால், புனே நகருக்குக் கிழக்கே சோலாப்பூர் சாலையில் அமைந்துள்ள ஹடப்சர் போன்ற தொழிற்பகுதிகளில் உடுப்பதற்கன்றி உழைப்பதற்கென்றே நெய்யப்பட்ட துணிகள் பல பயன்படுகின்றன. சரக்கை மூடும் கித்தான், கன்வேயர் பெல்ட்டின் உட்துணி, திரவங்களை வடிக்கும் வடிதுணி, தூசியைப் பிடிக்கும் பை, வெல்டிங் தொழிலாளியின் மேலங்கி ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது வலிமையையும் விலையையும் மட்டும் கருதினால் போதாது. துணி எதனை எதிர்த்து நிற்க வேண்டும்? வெப்பத்தையா, ஈரத்தையா, வெயிலையா, அமிலத்தையா, காரத்தையா? இதுவே முதற்கேள்வி.

இயற்கை இழைகள்

பருத்தி நனைந்தால் அதன் வலிமை மிகும். வெப்பத்தில் உருகாது, கருகும். காரத்தைத் தாங்கும், ஆனால் அமிலம் அதனை அரித்துவிடும். ஈரத்தில் நெடுநாள் கிடந்தால் பூஞ்சணம் பிடித்து மட்கும். சணற்பை காற்றை உட்புகவிடுவதால் தானியத்திற்கு ஏற்றது. மட்குதல் எங்கும் குறையன்று. சரிவான நிலத்தில் விரிக்கப்படும் தென்னை நார் வலை, புல் வேரூன்றும் வரை மண்ணைக் காத்து, பின்னர் அம்மண்ணோடு கலந்துவிடுகிறது.

செயற்கை இழைகள்

1935-இல் உருவாக்கப்பட்ட நைலான் உராய்வையும் திடீர் இழுப்பையும் தாங்கும். எனவே டயர்களின் உட்துணிக்கும் கயிறுகளுக்கும் உதவுகிறது. அமிலம் அதற்கு ஆகாது. பாலியெஸ்டர் இழுக்கும்போது அதிகம் நீளாது. ஆதலின் பெல்ட்டுகளுக்கு உகந்தது. ஆயினும் சூடான காரம் அதனைச் சிதைக்கும். பாலிபுரோப்பிலீன் அமிலம், காரம் இரண்டையும் தாங்கும். ஆனால் சுமார் 165 டிகிரி சென்டிகிரேடில் உருகும்.

உயிர் காக்கும் தேர்வு

உலையருகில் பணிபுரிவோர் நைலான், பாலியெஸ்டர் உடைகளை அணிதல் கூடாது. தீப்பொறி பட்டால் அவை உருகித் தோலில் ஒட்டி ஆழ்ந்த புண்ணை உண்டாக்கும். தீத்தடுப்பு ஊட்டிய பருத்தியோ, உருகாத அராமிட் இழையோ வேண்டும். முன்னாளில் பெரிதும் பயன்பட்ட கல்நார்த் துணியின் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை விளைவிக்கும். எனவே பழைய கல்நார்த் துணியைக் கிழிக்கவோ உதறவோ கூடாது.

எளிய சோதனை

ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை வகுப்பில் தாமே செய்து காட்டலாம். ஒரு சிறு நூலை இடுக்கியால் பற்றிச் சுடரருகே கொண்டு செல்க. அருகில் நீர் இருத்தல் அவசியம். பருத்தி, காகிதம் எரியும் மணத்துடன் எரிந்து சாம்பலாகும். கம்பளி, மயிர் கருகும் நாற்றம் தரும். நைலானும் பாலியெஸ்டரும் சுருங்கி உருகி, ஆறியபின் கெட்டியான மணியாகும். உலைத் தொழிலாளிக்கு அத்துணி ஏன் ஆகாது என்பதை அந்த மணியைக் கண்ட மாணவர் எளிதில் உணர்வர்.