மேசைப் பாறையில் தஞ்சமடைந்த முந்நூறு பேர்

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலத்தில், பக்கங்கள் சுவர்போலச் செங்குத்தாகவும் உச்சி தட்டையாகவும் உள்ள மலைகள் நிறைய உண்டு. அவற்றை 'மேசா' என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் மேசைக்கும் அதுதான் பெயர். போர்த்துக்கேயர் வழியாக எங்களிடம் வந்த 'மேசை'யும் அதே சொல்தான்.

இப்படியான ஒரு பாறை, ஒரு மாரிகாலம் முழுவதும் ஏறக்குறைய முந்நூறு பேரைக் காப்பாற்றிய கதை அரிசோனா மாநிலத்தின் வடகிழக்கில் இருக்கிறது. இடத்தின் பெயர் கன்யன் டி ஷே. நவஹோ பழங்குடியினரின் நிலத்துக்குள் உள்ள ஆழமான பள்ளத்தாக்கு அது. 1931இல் அமெரிக்க அரசு அதைத் தேசிய நினைவிடமாக அறிவித்தது. ஆனாலும் காணி நவஹோ மக்களுடையதாகவே இருக்கிறது. சில குடும்பங்கள் இன்றும் பள்ளத்தாக்கின் அடியில் தோட்டம் செய்கின்றன. அதனால், அனுமதி பெற்ற நவஹோ வழிகாட்டி ஒருவர் இல்லாமல் வெளியாட்கள் உள்ளே நடமாட முடியாது.

சென்ற ஒக்டோபரில் அப்படியொரு வழிகாட்டியுடன் ஒரு பகல் முழுவதும் அங்கே நடந்தேன். விளிம்பிலிருந்து இறங்கிய பிறகு பாதை என்று எதுவும் இல்லை. ஆற்றுப் படுகையின் மணலில் கால் புதையப் புதைய நடக்க வேண்டும். இரண்டு கிளைப் பள்ளத்தாக்குகள் சந்திக்கும் இடத்தில் அந்தப் பாறை தனித்து நிற்கிறது. உயரம் ஏறக்குறைய 200 மீற்றர். ஆங்கிலத்தில் அதற்குக் 'கோட்டைப் பாறை' என்று பொருள்படும் பெயர். அடிவாரச் சரிவுவரை மட்டுமே நாங்கள் ஏறினோம். அதற்கு மேல், காலின் முன்பகுதி மட்டும் பதியக்கூடிய குழிகளைப் பிடித்துத்தான் போக வேண்டும்.

பாறை ஏன் இப்படி நிற்கிறது? காற்று குவித்த மணல்மேடுகள் பல கோடி ஆண்டுகளில் இறுகிக் கல்லாகின. அவற்றுக்கு மேலே, கூழாங்கற்கள் சேர்ந்து இறுகிய கடினமான படை ஒன்று மூடிபோல அமைந்தது. சுற்றியிருந்த கல்லை நீர் அரித்துச் சென்றபோது, மூடி கலையாத இடங்கள் மட்டும் எஞ்சின. ஒளிந்திருக்க மிக நல்ல இடம். ஆனால் உச்சியில் ஊற்று இல்லை. பாறைக் குழிகளில் தேங்கும் மழையும் பனியும் மட்டுமே தண்ணீர்.

1863இல் ஜெனரல் ஜேம்ஸ் கார்ல்டனின் உத்தரவின்படி, கிட் கார்சன் தலைமையிலான படை நவஹோ நிலத்துக்குள் நுழைந்தது. சண்டையைவிடப் பசியையே அந்தப் படை பெரிதும் நம்பியது. சோள வயல்களையும் வீடுகளையும் எரித்தது, ஆடுகளைப் பிடித்தது. பின்னர் பள்ளத்தாக்கில் இருந்த பீச் மரங்களில் ஆயிரக்கணக்கானவற்றை வெட்டிச் சாய்த்தது.

படை வருவதை அறிந்த மக்கள் முன்கூட்டியே ஆயத்தமானார்கள். காய்ந்த இறைச்சி, காய்ந்த பழம், பைன் விதைகள், தண்ணீர்ப் பானைகள் எல்லாவற்றையும் பாறை உச்சிக்குச் சுமந்தார்கள். கால் வைக்க முடியாத இடைவெளிகளில் நீண்ட பைன் மரங்களை ஏணிகளாகச் சாத்தினார்கள். 1863 டிசம்பரில் கடைசி ஆள் ஏறியதும் ஏணிகளை மேலே இழுத்துக்கொண்டார்கள். சிறுவர்களும் முதியவர்களும் அவர்களோடு இருந்தார்கள்.

படையினர் கீழே ஓடைக் கரையில் முகாமிட்டுக் காத்திருந்தார்கள். மேலே தண்ணீர் தீர்ந்தது. ஓர் இரவு, உச்சியிலிருந்து ஓடைக்குச் சற்று மேலுள்ள விளிம்புவரை மனிதர்கள் சங்கிலிபோல வரிசையாக நின்றார்கள். காவல் நின்றவர்கள் தூங்கியபோது, யூக்கா நாரில் திரித்த கயிற்றில் சுரைக்குடுவைகளைக் கட்டி இறக்கினார்கள். நிரம்பிய குடுவைகள் கைக்குக் கை மாறி விடியும்வரை மேலே போயின. கடைசியில் முற்றுகையிட்ட படை விலகிச் சென்றது.

வெளியே இருந்த மக்களுக்கு அப்படி ஒரு பாறை கிடைக்கவில்லை. 1864இலிருந்து நவஹோ மக்கள் 480 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் நடத்திச் செல்லப்பட்டு, நியூ மெக்சிகோவின் பொஸ்கே ரெடொண்டோ முகாமில் அடைக்கப்பட்டார்கள். அங்கே 8,000 இற்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். பசியாலும் நோயாலும் பலர் இறந்தார்கள். 1868இல் அவர்களை இன்னொரு தொலைவான பிரதேசத்துக்கு அனுப்பும் யோசனை வந்தபோது, பார்பொன்சிட்டோ என்ற தலைவர் சொந்த மண்ணைத் தவிர வேறெங்கும் போக மறுத்தார். அந்த ஆண்டு ஜூன் 1ஆம் திகதி ஒப்பந்தம் கையெழுத்தாகி, மக்கள் ஊர் திரும்பினார்கள். பள்ளத்தாக்கில் மீண்டும் பீச் மரங்கள் வளர்ந்தன.

இந்தக் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, அது எங்களிடம் வந்து சேர்ந்த விதம். சுரைக்குடுவைகளின் கதையைக் காத்தது குடும்பங்களின் வாய். பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அந்தக் காலத்தைப் பற்றி நவஹோ முதியவர்கள் சொன்னவற்றைத் தொகுத்து நவஹோ சமூகக் கல்லூரி 1973இல் ஒரு நூலாக வெளியிட்டது. சம்பவம் நடந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. சொன்னவர்கள் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். பார்த்தவர்கள் அப்போது உயிரோடு இல்லை.

எங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. 2009இல் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் தண்ணீருக்கு அலைந்தவர்கள், கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு மே மாதமும் கஞ்சி காய்ச்சுகிறோம். ஆனால் அந்தக் கஞ்சிக்கு அரிசி எங்கிருந்து வந்தது, தண்ணீரை யார், எந்தக் கிணற்றில், எந்த நேரத்தில் அள்ளினார்கள் என்று எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறோம்?

சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்தக்கூடாது. பெயரை மறைக்கச் சொன்னால் மறைக்க வேண்டும். ஒலிப்பதிவை எங்கே, யாரிடம் வைப்பது என்பதையும் சொல்பவரே தீர்மானிக்கட்டும். பெரிய நிகழ்வுகளில் தொடங்கவும் தேவையில்லை. அன்றைக்கு என்ன சமைத்தீர்கள், தண்ணீருக்கு எவ்வளவு தூரம் போனீர்கள் என்று கேட்டால் போதும். கைத்தொலைபேசி இருக்கிற எவரும் தன் அம்மம்மாவிடமிருந்து இதைத் தொடங்கலாம்.