தூரத்து மேசையும் கடைக் கணக்கும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல்

தொலைவிலிருந்து கணக்குப் பார்ப்பது காரைக்குடிக்குப் புதிதன்று. நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், முதலாளி இங்கே வீட்டில் இருப்பார். கடல் கடந்த கிட்டங்கியில் மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் தொழிலைக் கவனிப்பார்கள். பேரேட்டின் சாரமான ஐந்தொகை கப்பல் தபாலில் வந்து சேரும். இன்று அதே வேலையை நொடிப்பொழுதில் செய்து தருவது 'ரிமோட் டெஸ்க்டாப்' எனும் வசதி. ஆயினும், கப்பல் வராத நாள் அன்று இருந்தது போல, இணைப்பு வராத நாள் இன்றும் உண்டு. அந்நாளில் செய்ய வேண்டியது எது, செய்யக் கூடாதது எது என்பதை என் சிறு அனுபவத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரிமோட் டெஸ்க்டாப் என்பது யாது?

சிறு கடைகளில் கணக்கு முழுவதும் ஒரு கணிப்பொறியில் இருக்கும். அதுவே சர்வர். வேறோர் இடத்தில் அமர்ந்து, அதன் திரையை நம் திரையில் வரவழைத்து, நம் விசைப்பலகையால் அதை இயக்குவதே ரிமோட் டெஸ்க்டாப். கணக்கு அங்கேயே இருக்கும். திரையின் படம் மட்டும் இங்கே வரும். 1998-இல் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பில் மைக்ரோசாப்ட் நிறுவனம் இம்முறையை அளித்தது. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்.பி. புரொபஷனல் வழியாகச் சாதாரணக் கணிப்பொறிக்கும் இது வந்தது.

ஒரு கணிப்பொறியை 65,535 கதவுகள் உள்ள வீடாகக் கற்பனை செய்து கொள்ளுங்கள். கதவுகளுக்கு 'போர்ட்' என்று பெயர். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு வழக்கமாக உரிய கதவின் எண் 3389.

அன்று நடந்தது

மாலை நேரங்களில் நான் ஓர் இரும்புக் கடையில் கணக்குப் பதிந்து வருகிறேன். அன்று மாதத்தின் 19-ஆம் நாள். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வோருக்கு 20-ஆம் நாளே கடைசி. தவறினால் தாமதக் கட்டணம் உண்டு. அந்த வேளையில் மாடியறையிலிருந்த கணக்குப்பிள்ளைக்குச் சர்வர் இணையவில்லை.

"தம்பி, நீ காலேஜில கம்ப்யூட்டர் தானே படிக்கிறே? என்னன்னு பாரு" என்றார் முதலாளி.

இது எங்கள் பாடத்தில் வரவில்லை. ஆனால், எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். 'தெரியாது' என்று சொல்ல நா எழவில்லை.

உள்ளிருந்து வெளியே

செட்டிநாட்டு வீட்டில் ஒரு பொருளைக் காணோமென்றால் இரண்டாங்கட்டில் பார்த்து, வளவில் பார்த்து, பிறகு முகப்புக்கு வருவோம். இணைப்புக் கோளாறையும் அவ்வாறே சர்வரிலிருந்து தொடங்கி வெளியே தேடி வருதல் நலம்.

முதலாவது, சர்வர் விழித்திருக்கிறதா? மின்சாரம் இருந்தும், வேலையின்றி இருக்கும்போது கணிப்பொறி உறங்கும்படி அமைப்பு இருக்கலாம். சர்வருக்கு அந்த அமைப்பு கூடாது.

இரண்டாவது, முகவரி அதுதானா? எங்கள் கடையின் குற்றவாளி இங்கேதான் இருந்தான். முந்திய நாள் மின்தடைக்குப் பின் ரூட்டர் சர்வருக்கு வேறு முகவரி வழங்கியிருந்தது. 192.168.1.10 என்றிருந்தது 192.168.1.14 ஆகியிருந்தது. கணக்குப்பிள்ளையோ பழைய வீட்டுக் கதவையே தட்டிக் கொண்டிருந்தார். சர்வரில் 'ஐ.பி.கான்ஃபிக்' என்ற கட்டளையைக் கொடுத்தால் அதன் இப்போதைய முகவரி தெரியும். இந்தச் சர்வருக்கு இந்த முகவரிதான் என்று ரூட்டரில் நிலையாக ஒதுக்கி விட்டால் மீண்டும் இத்தொல்லை இராது.

மூன்றாவது, கதவு திறந்திருக்கிறதா? சர்வரின் அமைப்பில் ரிமோட் டெஸ்க்டாப் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். காவற்காரனாகிய பயர்வாலும் அதற்கு வழிவிட வேண்டும். 'பிங்' கட்டளைக்குப் பதில் வராததால் மட்டும் சர்வர் இயங்கவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. பயர்வால் அதைத் தடுத்திருக்கலாம். சர்வராகப் பயன்படும் கணிப்பொறி விண்டோஸ் ஹோம் பதிப்பில் இயங்கினால் தேடுவதே வீண்; அப்பதிப்பு பிறர் இணைப்பை ஏற்காது.

நான்காவது, வருபவருக்கு அனுமதி உண்டா? அவர் பெயர் அனுமதி பெற்றோர் குழுவில் இருக்க வேண்டும். கடவுச்சொல் இல்லாத கணக்கில் தொலைவிலிருந்து நுழைய விண்டோஸ் பொதுவாக விடாது.

ஐந்தாவது, உள்ளே இடம் இருக்கிறதா? விண்டோஸ் சர்வரில் பராமரிப்பு வேலைக்காக ஒரே நேரத்தில் இருவர் நுழையலாம். அன்றாட அலுவலுக்குத் தனி உரிமம் பெற வேண்டும். அதற்கான சேவையை நிறுவி, உரிமம் அமைக்காது விட்டால் 120 நாள் தவணை முடிந்ததும் இணைப்பு மறுக்கப்படும். இன்னொன்றும் உண்டு: மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் திரைதான் மூடும், நாம் உள்ளேயே இருப்பதாகச் சர்வர் கருதும். 'சைன் அவுட்' செய்வதே முறை.

நான் செய்த பிழை

கணக்கு உரிய நாளில் தாக்கலாயிற்று. முதலாளி மகிழ்ந்து, "தேவகோட்டைக் கிளையிலிருந்தும் பார்க்கற மாதிரி செய்ய முடியுமா?" என்று கேட்டார். பாராட்டின் மயக்கத்தில் இருந்த நான் யாரையும் கேட்கவில்லை. கடைக்கென்று நிலையான இணைய முகவரி இருந்தது. ரூட்டரில் 3389-ஐ வெளியுலகுக்குத் திறந்து விட்டேன். தேவகோட்டையிலிருந்து உடனே இணைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சர்வரின் நிகழ்ச்சிக் குறிப்பேடான 'ஈவன்ட் வியூவ'ரைத் திறந்தேன். 4625 என்ற எண்ணுடன் வரிசை வரிசையாகப் பதிவுகள். தவறான கடவுச்சொல்லுடன் யாரோ நுழைய முயன்றதைக் குறிக்கும் எண் அது. 'அட்மின்', 'டெஸ்ட்' என்று பெயரை மாற்றி மாற்றி, இரவெல்லாம் முயன்றிருந்தார்கள். திறந்த கதவுகளைத் தேடி இணையம் முழுவதும் தட்டிப் பார்க்கும் நிரல்கள் உண்டு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். நுழைந்திருந்தால் கணக்கு முழுவதையும் பூட்டி வைத்துப் பணம் கேட்டிருப்பார்கள். அந்தக் கணக்கில் வாடிக்கையாளர் பாக்கியும் இருக்கிறது. வேலையாட்களின் சம்பளமும் இருக்கிறது.

உடனே கதவை மூடினேன். வேலை போய்விடுமோ என்ற அச்சத்துடன் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "கல்லாப்பெட்டியைத் தெருவில வச்சுட்டேன்னு சொல்லு. இனிமே தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லணும் தம்பி" என்றார்.

முறையான வழி

மறுநாள் எங்கள் துறை ஆசிரியரை அணுகினேன். அவர் காட்டிய வழி வி.பி.என். இரு ஊர்களுக்கும் இடையே பிறர் காணாத ஒரு சுரங்கப்பாதை என்று இதைச் சொல்லலாம். முதலில் சுரங்கத்துள் நுழைய அடையாளம் காட்ட வேண்டும்; அதன் பிறகே 3389 கண்ணுக்குத் தெரியும். இத்துடன் நீண்ட கடவுச்சொல், பலமுறை தவறினால் கணக்கைப் பூட்டும் விதி, சர்வரோடு இணையாது தனியே வைக்கும் ஒரு நகல் ஆகியனவும் வேண்டும்.

திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுவதும் இன்றியமையாதது. 2019 மே மாதத்தில், 'புளூகீப்' எனப் பெயர் பெற்ற பெருங்குறை இவ்வசதியில் வெளிப்பட்டது. கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே புக இடங்கொடுத்த குறை அது. 2014-இலேயே ஆதரவு நிறுத்தப்பட்ட எக்ஸ்.பி.க்கும் மைக்ரோசாப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது என்றால் அதன் கடுமை விளங்கும். 2018 மே மாதத்தில், ஒரு முனையில் திருத்தம் ஏறி மறுமுனையில் ஏறாததால் பல இடங்களில் இணைப்பு மறுக்கப்பட்டது. பாதுகாப்பைத் தளர்த்தி இணைத்தவர்களும் உண்டு. இரு முனைகளையும் திருத்துவதே சரியான மருந்து. யாரேனும் ஊடுருவி விட்டால் 6 மணி நேரத்துக்குள் 'செர்ட்-இன்' அமைப்புக்கு அறிவிக்க வேண்டும் என 2022 ஏப்ரலில் நடுவண் அரசு ஆணையிட்டுள்ளது.

மாணவத் தோழர்களே! நம்மில் பலரைக் கடைகளும் அலுவலகங்களும் 'கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளை' என்று நம்பி அழைக்கின்றன. இணைப்பு வரவில்லையெனில் படிப்படியாகத் தேடுவோம். பூட்டைக் கழற்றிக் கதவைத் திறப்பதைத் தீர்வு என்று எண்ண வேண்டாம். தெரியாததைக் கேட்டறிவதில் வெட்கமும் வேண்டாம். அன்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த இரண்டு இரவுகள் கடைக் கணக்கு தெருவில் கிடந்திராது.